‘அசோகர் உங்க மகருங்களா?’ - ரீல்ஸில் நீங்க தினம் பார்க்கும் டி.எஸ்.பாலையா யார்?

கும்மிடிப்பூண்டி லோக்கலில் போய்க்கொண்டிருக்கிறீர்கள். மீஞ்சூர் தாண்டியாச்சு. அனுப்பம்பட்டு வருவதற்குள் மொபைலில் ஒரு க்ளிப் வந்து விழுகிறது. ஒல்லியாக ஓர் இளைஞன் கையை ஆட்டி ஆட்டி பேய்க்கதை சொல்கிறான். எதிரில் உட்கார்ந்திருக்கும் பெரியவர் பயத்தில் உறைந்துபோகிறார். எத்தனை தடவை பார்த்திருந்தாலும் ஸ்க்ரோல் பண்ண மனசு வராது. அடுத்த ஸ்டேஷன் வருவதற்குள் இன்னொரு தடவை ஓட்டிப் பார்ப்பீர்கள்.

கதை சொல்பவர் நாகேஷ் என்று யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். க்ளிப்பின் தலைப்பிலும் பெரும்பாலும் அவர் பெயர்தான் இருக்கும். கேட்பவர்? ‘அந்த அப்பா கேரக்டர்’, ‘பழைய பட வில்லன்’, ‘அசோகர் உங்க மகருங்களா தாத்தா’ என்றுதான் பதில் வரும்.

அவர் டி.எஸ்.பாலையா. 1936 முதல் 1972 வரை தமிழ் சினிமாவில் வில்லனாக, நண்பனாக, காமெடியனாக, அப்பாவாக, வித்வானாக வாழ்ந்தவர். மீம் டெம்ப்ளேட்டுக்குப் பின்னால் இருக்கும் அந்த மனுஷனைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போமா?

ஒரு பார்வையில்

பிறப்பு: 23 ஆகஸ்ட் 1914, சுண்டங்கோட்டை (அன்றைய திருநெல்வேலி மாவட்டம், இன்று தூத்துக்குடி மாவட்டம்)
முதல் படம்: சதிலீலாவதி (1936)
மறக்க முடியாத வேடங்கள்: ‘காதலிக்க நேரமில்லை’ விஸ்வநாதன், ‘திருவிளையாடல்’ ஹேமநாத பாகவதர், ‘தில்லானா மோகனாம்பாள்’ முத்துராக்கு
மறைவு: 22 ஜூலை 1972, 57 வயதில்

ஒரே படத்தில் அறிமுகமான நாலு பேர்

பாலையா நாடக மேடையிலிருந்து வந்தவர். மைக், ஸ்பீக்கர் எல்லாம் பெரிதாக இல்லாத காலத்து மேடை அது. கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருப்பவர் காதுக்கும் வசனம் போய்ச் சேர வேண்டும். சொல்லை எங்கே இழுப்பது, எங்கே வெட்டுவது, எங்கே குரலைத் தூக்கிப் பட்டென்று கீழே போடுவது என்கிற வித்தையெல்லாம் அங்கே பழகியதுதான். பாலையாவின் வசன உச்சரிப்பைப் பிறகு எத்தனையோ மிமிக்ரி கலைஞர்கள் செய்து காட்டினார்கள். அந்த ஏற்ற இறக்கத்தின் ஊற்று மேடைதான்.

1936-ல் ‘சதிலீலாவதி’ வந்தது. ஆனந்த விகடனில் எஸ்.எஸ்.வாசன் எழுதிய தொடர்கதைதான் படத்தின் கதை. இயக்கியவர் அமெரிக்காவிலிருந்து வந்த எல்லிஸ் ஆர்.டங்கன். தமிழே தெரியாத அவர் இயக்கிய முதல் தமிழ்ப் படம் இது. எம்.கே.ராதா, என்.எஸ்.கிருஷ்ணன், எம்.ஜி.ஆர், பாலையா நாலு பேருக்குமே இதுதான் அறிமுகப் படம். இப்படி ஒரு பேட்ச் அப்புறம் அமைந்ததா என்று யோசித்துப் பாருங்கள்!

அதில் எம்.ஜி.ஆருக்கு ஒரு சின்ன போலீஸ் இன்ஸ்பெக்டர் வேடம். பாலையாவுக்கு அதைவிடப் பெரிய வேலை. நல்ல குடும்பத்துக் கதாநாயகனுக்குக் குடிப்பழக்கத்தைப் பழக்கிவிட்டு, அவன் வாழ்க்கையையே கவிழ்க்கும் ராமநாதன் அவர்தான். கூடவே இருந்து, சிரித்துப் பேசி, காதில் ஊதிக் கெடுக்கிற வில்லன். வயது அப்போது 21!

மறு வருஷமே, 1937-ல், அதே டங்கன் எம்.கே.தியாகராஜ பாகவதரை வைத்து ‘அம்பிகாபதி’ எடுத்தார். அன்றைய சூப்பர் ஸ்டாரோடு மோதும் ருத்ரசேனன் வேடம் பாலையாவுக்கு. பாகவதரும் பாலையாவும் மோதும் வாள்சண்டை அந்தக் காலத்தில் ரொம்பவும் பேசப்பட்டது. ரெண்டே படத்தில், ‘வில்லன்னா பாலையா’ என்ற முத்திரை விழுந்துவிட்டது.

வில்லன் என்ற கூண்டுக்குள் அடங்காத ஆள்

முத்திரை விழுந்தால் நடிகனுக்குச் சோறு நிச்சயம். ஆனால், அதே வேடத்தைத்தான் திரும்பத் திரும்பத் தட்டில் வைப்பார்கள். பாலையா அந்த வட்டத்துக்குள் நிற்கவில்லை.

1949-ல் அறிஞர் அண்ணாவின் ‘வேலைக்காரி’ படமானது. அப்பாவின் சாவுக்குக் காரணமான பணக்காரனைக் கொல்லக் கத்தியைத் தீட்டுகிறான் நாயகன் ஆனந்தன் (கே.ஆர்.ராமசாமி). தீட்ட வேண்டியது கத்தியை இல்லை, புத்தியை என்று அவனைத் தடுத்து நிறுத்தும் நண்பன் மணியாக பாலையா வருவார். பிற்பாடு பழமொழி மாதிரியே ஆகிப்போன அறிவுரை அது. அதுவரை கெடுக்கிற நண்பனாக வந்தவர், இதில் காப்பாற்றுகிற நண்பன்.

1954-ல் ‘தூக்கு தூக்கி’. அதில் வடநாட்டு சேட்டாக வந்து, தமிழைக் கடித்துத் துப்பிப் பேசுவார். ஆள் கெட்டவன்தான். ஆனால், அவர் வாயைத் திறந்தாலே தியேட்டர் சிரித்தது. ஒரே ஆள் நம்மைக் கோபப்படவும் வைக்கிறார், சிரிக்கவும் வைக்கிறார். ‘இவருக்குள் இப்படி ஒரு காமெடியனும் இருக்கிறாரா?’ என்று ஆச்சர்யப்பட வைத்த வேடம்.

எம்.ஜி.ஆரோடு அவர் பயணம் தனிக் கதை. சின்ன வேடத்தில் தொடங்கிய எம்.ஜி.ஆர் முதன்முதலாகக் கதாநாயகன் ஆன ‘ராஜகுமாரி’யிலும் (1947) பாலையா இருந்தார். ‘மோகினி’யிலும் (1948) இருவரும் முக்கிய வேடங்களில் வந்தார்கள். ‘மதுரை வீரன்’ (1956) படத்தில், பொம்மியைக் கட்டிக்கொள்ளத் துடிக்கும் நரசப்பன் இவர்தான். எம்.ஜி.ஆர் பெரிய ஹீரோவாகிக்கொண்டிருந்த வருஷங்களில், எதிரில் நின்று அந்த ஹீரோயிசத்துக்குத் தோள்கொடுத்த முகங்களில் ஒன்று பாலையாவுடையது. எதிரில் நிற்கும் வில்லன் சொத்தையாக இருந்தால் ஹீரோவின் வீரம் எடுபடாது இல்லையா?

இப்படிப்பட்டவர்களைத்தான் நம் ஊரில் ‘குணச்சித்திர நடிகர்’ என்கிறோம். எஸ்.வி.ரங்காராவ், எஸ்.வி.சுப்பையா, வி.கே.ராமசாமி என்று அந்தத் தலைமுறையில் ஒரு பெரிய வரிசையே உண்டு. போஸ்டரில் முகம் சின்னதாக இருக்கும். ஆனால், அவர்களை எடுத்துவிட்டால் படம் நொண்டும்.

ஒரு சின்ன சோதனை: சவுண்டை மியூட் பண்ணுங்க

இப்போது அந்த க்ளிப்புக்கு வருவோம். ‘காதலிக்க நேரமில்லை’ (1964), இயக்கம் ஸ்ரீதர். சின்னமலை எஸ்டேட் முதலாளி விஸ்வநாதனாக பாலையா. அவருடைய பிள்ளை செல்லப்பாவாக நாகேஷ். செல்லப்பாவுக்கு சினிமா எடுக்க வேண்டும் என்று வெறி. ‘ஓஹோ புரொடக்‌ஷன்ஸ்’ என்று கம்பெனியே ஆரம்பித்துவிட்டான். காசு மட்டும்தான் இல்லை. அப்பாவிடம் கதை சொல்ல வருகிறான்.

மொபைலில் சவுண்டை மியூட் பண்ணிவிட்டு, நாகேஷைப் பார்க்காமல் பாலையாவை மட்டும் பாருங்கள். முதலில் ‘இவன் என்னத்தைச் சொல்லப்போறான்’ என்ற அலட்சியம். அப்புறம் லேசான ஆர்வம். கொஞ்ச நேரத்தில் கண் அகலுகிறது. வாய் திறந்தது திறந்தபடி நிற்கிறது. கதவு கிறீச்சிடும் சத்தம், தவளைச் சத்தம் என்று நாகேஷ் வாயாலேயே எஃபெக்ட்ஸ் கொடுக்கக் கொடுக்க, இந்தப் பெரிய உடம்பு நாற்காலிக்குள்ளேயே சுருங்கிப்போகிறது. சவுண்டே இல்லாமல் உங்களுக்குக் கதை புரிந்துவிடும். ஏனென்றால், கதை ஓடுவது பாலையாவின் முகத்தில்.

ஜோக் சொல்லும்போது எதிரே இருப்பவர் மூஞ்சியை உம்மென்று வைத்துக்கொண்டால் என்ன ஆகும்? நமக்கே சப்பென்று ஆகிவிடும். அந்த சீனில் பாலையா பயந்ததால்தான் நாகேஷ் ஜெயித்தார். இது நாகேஷின் திறமையைக் குறைத்துச் சொல்வதில்லை. ஒருவர் பந்து போட, இன்னொருவர் சரியான நேரத்தில் பேட்டை வைத்த ஆட்டம் அது. ஸ்கோர்போர்டில்தான் ஒரு பெயர் மட்டும் நின்றுவிட்டது.

இந்தப் படம் ஹிந்தியில் ‘ப்யார் கியே ஜா’ (1966) என்று ரீமேக் ஆனது. கதை சொல்பவராக மெஹ்மூத், கேட்பவராக ஓம் பிரகாஷ். அந்தப் படத்துக்காக மெஹ்மூதுக்கு ஃபிலிம்ஃபேர் சிறந்த நகைச்சுவை நடிகர் விருது கிடைத்தது. அங்கேயும் சொன்னவருக்குத்தான் பரிசு!

அதே படத்தில் இன்னொரு இடம். தன்னிடம் வேலை பார்த்து, தான் துரத்திவிட்ட அசோக் (ரவிச்சந்திரன்) ஒரு பெரிய கோடீஸ்வரரின் மகன் என்று விஸ்வநாதன் நம்பிவிடுகிறார். அந்த நிமிஷமே ஆள் மாறுகிறார். குரல் குழைகிறது, முதுகு வளைகிறது. நேற்றுவரை ‘அவன்’, இன்று ‘அசோகர்’. மரியாதை அங்கேயும் நிற்காமல் ‘மகன்’ என்ற சொல்லும் ‘மகர்’ ஆகிவிடுகிறது. பணத்தைக் கண்டால் பவ்யம் காட்டும் மனசை, ஒரே ஒரு விகுதியில் பிடித்துக் கொடுத்துவிட்டார்கள். 60 வருஷம் கழித்தும் அது மீமாக ஓடுவதற்குக் காரணம், அந்த மாதிரி ஆட்கள் இன்னும் நம் ஆபீஸிலும் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பிலும் இருப்பதுதான்.

தோற்றுப்போவதும் ஒரு கலை

அடுத்த வருஷம் ‘திருவிளையாடல்’ (1965), இயக்கம் ஏ.பி.நாகராஜன். பாண்டிய நாட்டுக்கு வந்து, ‘என்னைப் பாட்டில் ஜெயிக்க இங்கே ஆள் உண்டா?’ என்று சவால் விடும் ஹேமநாத பாகவதர் வேடம். ‘ஒரு நாள் போதுமா’ பாட்டுக்குக் குரல் எம்.பாலமுரளிகிருஷ்ணா, இசை கே.வி.மகாதேவன். கர்னாடக சங்கீத மேதை ஒருவரின் குரல் தன் தொண்டையிலிருந்து வருவதாக நம்ப வைக்க வேண்டும். பாலையாவின் உதட்டை மட்டும் பார்க்காதீர்கள். கை, தோள், புருவம், சபையைச் சுற்றிப் பார்க்கும் அந்தக் கர்வம் எல்லாமே பாடும்.

ஆனால், அந்த வேடத்தின் உச்சம் அவர் பாடும் இடத்தில் இல்லை; கேட்கும் இடத்தில் இருக்கிறது. விறகு விற்பவராக வந்த சிவன் (சிவாஜி) ராத்திரியில் பாடுகிறார். பாகவதர் அந்தப் பாட்டைக் கேட்கிறார். இவரே பாணபத்திரரிடம் பாட்டுக் கற்கப் போய், தகுதியில்லை என்று ஒதுக்கப்பட்டவராம்! அப்படியானால் அந்த பாணபத்திரர் எப்படிப் பாடுவார்? அத்தனை கர்வமும் அந்த முகத்திலிருந்து உருகி வழிவதைப் பார்க்கலாம். விடிவதற்குள் ஊரைவிட்டே போய்விடுகிறார் மனுஷர்.

சிவனின் பாட்டு எவ்வளவு உயர்ந்தது என்று நமக்கு எப்படித் தெரிகிறது? சங்கீத ஞானம் இல்லாத ரசிகனுக்கும் தெரிகிறது என்றால், அது ஹேமநாதர் ஆடிப்போவதைப் பார்த்துத்தான். இவர் பெரிய வித்வானாக நிமிர்ந்து நின்றிருக்காவிட்டால், தோற்றதற்கு மதிப்பே இருந்திருக்காது.

பக்கவாத்தியம் வாசித்தவர்

மூன்றாவது, ‘தில்லானா மோகனாம்பாள்’ (1968). கொத்தமங்கலம் சுப்பு ‘கலைமணி’ என்ற பெயரில் ஆனந்த விகடனில் எழுதிய தொடர்தான் ஏ.பி.நாகராஜன் கையில் படமானது. நாதஸ்வர வித்வான் சிக்கல் சண்முகசுந்தரமாக சிவாஜி, மோகனாம்பாளாக பத்மினி, தவில் வித்வான் முத்துராக்குவாக பாலையா. படத்தில் கேட்கும் நாதஸ்வரம் மதுரை சேதுராமன் - பொன்னுசாமி சகோதரர்கள் வாசித்தது.

கோயில் கச்சேரியைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறீர்களா? நாதஸ்வரக்காரர் ஊதுவதை தவில்காரர் உற்றுக் கேட்டுக்கொண்டே இருப்பார். அவர் எங்கே போகிறார், எங்கே நிறுத்துவார் என்று முன்கூட்டியே பிடித்து அடிக்க வேண்டும். கேட்கத் தெரியாதவர் தவில் வாசிக்க முடியாது. பாலையா அந்த வேடத்தில் செய்ததும் அதுதான். சண்முகசுந்தரம் சட்டென்று கோபப்படும் ஆள். அந்தக் கோபத்தை அடக்கி, கிண்டல் பண்ணி, ஆறுதல் சொல்லி, குழுவைக் கட்டிக் காக்கிற மூத்த ஆள் முத்துராக்கு. சிவாஜி பொங்கும்போதெல்லாம் பக்கத்தில் இவர் முகத்தைக் கவனியுங்கள். சிவாஜி என்ற மலைக்குப் பக்கத்தில் நின்று, மறைந்தும் போகாமல், மறைக்கவும் செய்யாமல் நடிப்பது லேசுப்பட்ட காரியமா என்ன?

எஸ்டேட் முதலாளி, பாகவதர், தவில்காரர். மூன்று வேடங்களுக்கும் சம்பந்தமே இல்லை. ஆனால், மூன்றிலும் பாலையாவின் பெரிய பலம் ஒன்றுதான்: எதிரில் இருப்பவர் பேசும்போது, தன் வசனத்துக்குக் காத்திருக்காமல் நிஜமாகவே கேட்கிறார்.

இடையில் 1967-ல் இரண்டு அப்பாக்கள். கே.பாலசந்தரின் ‘பாமா விஜயம்’ படத்தில், பக்கத்து வீட்டுக்கு ஒரு நடிகை குடிவந்ததும் மூன்று மருமகள்களும் கடன் வாங்கி ஆடம்பரம் காட்ட, அந்தக் கூத்தையெல்லாம் பார்த்துப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் அப்பா. ஈ.எம்.ஐ போட்டு ஐபோன் வாங்கும் காலத்துக்கும் பொருந்துகிற கதை. ஸ்ரீதரின் ‘ஊட்டி வரை உறவு’ படத்திலோ சிவாஜிக்கு அப்பா. அதில் வேறு ஆள், வேறு தவிப்பு.

அவருக்கு ஏன் பெரிய விருது இல்லை?

நியாயமான கேள்வி. பதில் கொஞ்சம் கசப்பானது. தேசிய திரைப்பட விருதுகளில் துணை நடிகருக்கு என்று ஒரு பிரிவு வந்ததே 1984-ல்தான். பாலையா காலமாகி அப்போது 12 வருஷம் ஆகிவிட்டது. அவர் உச்சத்தில் இருந்தபோது, அவர் செய்த வேலைக்கு அந்த மேடையில் பெயரே இல்லை. கதாநாயகனுக்குப் பரிசு உண்டு. அந்தக் கதாநாயகனை நிமிர்த்திக் காட்டியவருக்கு நாற்காலிகூடக் கிடையாது.

இன்றைக்கும் அதே கதை வேறு வடிவில் நடக்கிறது. க்ளிப்பை வெட்டிப் போடுகிறவர் பேசுகிறவரின் பெயரைத்தான் தலைப்பில் போடுகிறார். தேடினால் அந்தப் பெயரில்தான் வரும். இப்படியே போனால், பாலையாவின் முகம் எல்லோருடைய மொபைலிலும் இருக்கும், பெயர் யாருக்கும் தெரியாது. அதனால் ஒரு சின்ன வேலை செய்யலாம். அடுத்த தடவை அந்த சீனை ஷேர் பண்ணும்போது, ‘நாகேஷ் - பாலையா’ என்று இரண்டு பெயரையும் டைப் பண்ணுங்கள். ஆறே எழுத்துதானே!

வாரிசு

பாலையாவின் மகன் ரகுவை ‘ஜூனியர் பாலையா’ என்ற பெயரில் உங்களுக்குத் தெரிந்திருக்கும். ‘கரகாட்டக்காரன்’ (1989) படத்தின் ஆட்டக்குழுவில் வருவார். ‘சாட்டை’ (2012) படத்தில் அரசுப் பள்ளித் தலைமையாசிரியராக வந்ததும் அவரே. அப்பாவின் சாயல் முகத்தில் அப்படியே இருக்கும். 2023 நவம்பர் 2-ம் தேதி அவரும் காலமானார். மகள் மனோசித்ராவும் படங்களில் நடித்தவர்.

எங்கிருந்து ஆரம்பிக்கலாம்?

பாலையாவை முழுசாகப் பார்க்க ஆசையா? இந்த வரிசையில் போங்கள்.

1. காதலிக்க நேரமில்லை (1964): வெறும் க்ளிப்பாக இல்லாமல் முழுப் படமாகப் பாருங்கள். விஸ்வநாதனின் பணத்தாசை எப்படிப் படிப்படியாக ஏறுகிறது என்பது அப்போதுதான் புரியும்.

2. திருவிளையாடல் (1965): ஹேமநாதர் பகுதியை மட்டுமாவது ஹெட்போன் போட்டுப் பாருங்கள். அவர் சபையில் நுழையும் நடையையும், ஊரைவிட்டுப் போகும் முகத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

3. தில்லானா மோகனாம்பாள் (1968): சிவாஜி மேல் கண் போகும். ஒரு தடவை அப்படிப் பார்த்துவிட்டு, இரண்டாவது தடவை தவில் பக்கம் கண்ணை வையுங்கள்.

4. பாமா விஜயம் (1967): வீட்டில் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து பார்க்க ஏற்ற படம். சிரித்து முடித்த பிறகு உங்க வீட்டு பட்ஜெட் பற்றியும் பேச்சு வரலாம், ஜாக்கிரதை!

5. தூக்கு தூக்கி (1954), மதுரை வீரன் (1956): அந்தப் பயந்தாங்கொள்ளி அப்பாவைப் பார்த்துப் பழகிய பிறகு இந்த வில்லனைப் பாருங்கள். இரண்டும் ஒரே ஆளா என்று சந்தேகம் வரும்.

பாட்டி, தாத்தா வீட்டில் இருந்தால் அவர்களையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளுங்கள். பாலையா என்ற பெயரைச் சொன்னதுமே, நீங்க கேள்விப்படாத இன்னும் நாலு படத்தின் பெயர் அவர்களிடமிருந்து வரும். அவர்கள் சொல்லும்போது மொபைலைக் கவிழ்த்து வைத்துவிட்டு, கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்கள்.